பயணக் கேமராவும் வழியில் எதிர்ப்பட்டவர்களும்

புகைப்படத்தில் முதன்முதலாகப் பதிவான மனிதர்களில் ஒருவர் பாரிஸ் நகரத்து நடைபாதையில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவர். 1838-இல் லூயி தாகேர் உயரமான ஒரு சன்னலிலிருந்து பூல்வார் து தாம்ப்ள் சாலையைப் படமெடுத்தார். வண்டியும் ஆளும் ஓயாத சாலை அது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் விழச் சில நிமிடங்கள் ஆனதால், நடந்து போனவர்களும் ஓடிய குதிரைகளும் தகட்டில் தங்கவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்ற அந்த ஒருவரும், குனிந்து பாலிஷ் போட்டவரின் மங்கலான உருவமும் மட்டும் படத்தின் இடது கீழ் மூலையில் நிலைத்துவிட்டன. இருவரின் பெயரும் எங்கும் பதிவாகவில்லை. தங்களை யாரோ படமெடுத்தார்கள் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பயணப் புகைப்படத்தின் வரலாறு பெரும்பாலும் தகடு, லென்ஸ், பிலிம் இவற்றின் வளர்ச்சியாகவே எழுதப்பட்டுவருகிறது. ஆனால் வழியில் எதிர்ப்பட்ட முன்பின் தெரியாத ஆளிடம் பயணி எப்படி நடந்துகொண்டார், அவரிடம் அனுமதி கேட்டாரா, பெயரைக் குறித்துக்கொண்டாரா, படத்தின் பிரதியைத் தந்தாரா என்பவற்றையும் இந்தக் கருவிகளே பெருமளவு தீர்மானித்தன. கருவி மெதுவாக வேலை செய்த காலத்தில் எதிரில் நிற்பவரின் ஒத்துழைப்பு இல்லாமல் படம் கிடைக்காது. கருவி வேகம் பிடித்ததும் அந்தத் தேவை போய்விட்டது.

தாகேரின் முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் பகிரங்கமாக விளக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அது கடல் கடந்துவிட்டது. அக்டோபரில் ஜோலி தெ லோத்பினியேர் ஏதென்ஸ் அக்ரோபொலிசைப் படமெடுத்தார். நவம்பரில் ஓவியர் ஒராஸ் வெர்னேயும் கூபில் ஃபெஸ்கேயும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறங்கினார்கள். பாரிசில் கண்ணாடிக் கருவிகள் விற்ற லெரபூர் என்பவர் இப்படிப் பல நாடுகளிலிருந்து வந்த தகடுகளைத் திரட்டி, அவற்றைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படங்களைத் தொகுப்பாக வெளியிட்டார். தகடுகளில் கட்டடங்கள் இருந்தன, மனிதர்கள் இல்லை. ஆளில்லாத நகரத்தைக் காசு கொடுத்து வாங்க எவரும் விரும்பமாட்டார்கள் என்பதால், அச்சுச் செதுக்குபவர்கள் பாரிசில் உட்கார்ந்தபடியே தெருக்களில் ஆட்களைச் சேர்த்தார்கள். பயணப் படத்தில் தோன்றிய முதல் 'உள்ளூர்வாசிகள்' பலர் கற்பனையில் பிறந்தவர்களே.

மாக்சிம் து காம்ப் 1849-இல் எகிப்துக்குப் புறப்பட்டபோது உடன் சென்றவர் நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர். து காம்ப் கொண்டுபோனது காகித நெகட்டிவ் முறை. எகிப்து, நூபியா, பாலஸ்தீனம், சிரியா என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு அலைந்து அவர் எடுத்தவற்றில் 125 படங்கள் 1852-இல் புத்தகமாக வந்தன. அந்தப் படங்களில் ஒரே மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். இடுப்புத் துணியோடு தூணடியில் நிற்பார், இன்னொன்றில் சிலையின் மடியருகே இருப்பார். அபு சிம்பெலில் மணலில் பாதி புதைந்திருந்த மாபெரும் அரசர் சிலையின் தலையுச்சியிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் து காம்ப் அமர்த்தியிருந்த படகின் மாலுமிகளில் ஒருவர். ஹாஜி இஸ்மாயில் என்பது பெயர். கட்டடம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர் மட்டுக்கட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் அவர் அசையாமல் இருக்கவும் வேண்டியிருந்தது. அதற்கு து காம்ப் கண்டுபிடித்த வழியை அவரே எழுதிவைத்திருக்கிறார். கேமராவின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் குண்டு மழை பொழியும் என்றும் அந்த மாலுமியை நம்பவைத்தாராம். அச்சத்தில் அவர் உறைந்து நின்றார், படங்கள் கூர்மையாக வந்தன.

இந்தச் செய்தியை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துபோவது பலருக்கு வழக்கம். அப்படிக் கடக்கக் கூடாது. ஐரோப்பாவே வியந்து பார்த்த படங்களில் நிற்கும் மனிதர் அளவுகோலாகப் பயன்பட்டவர், அதுவும் உயிரச்சத்தில் நின்றவர். ஆனாலும் அவருடைய பெயர் நமக்குத் தெரிகிறது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் படமெடுக்கப்பட்ட பெரும்பாலோருக்கு அந்த அளவு பதிவுகூடக் கிடைக்கவில்லை.

1851-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றிச் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். படம் காகித நெகட்டிவைவிடப் பன்மடங்கு தெளிவாக வந்தது. ஆனால் பயணி இருட்டறையையே சுமந்துகொண்டு போக வேண்டியதாயிற்று. பிரான்சிஸ் ஃபிரித் 1856-க்கும் 1860-க்கும் இடையில் மூன்று முறை எகிப்துக்கும் அதை அடுத்த நாடுகளுக்கும் போனார். 16 அங்குலத்துக்கு 20 அங்குலம் என்ற பெரிய தகடுகளும் அவரிடம் இருந்தன. கொலோடியனில் ஈதர் கலந்திருந்ததால் பாலைவன வெயிலில், கூடாரத்துக்குள், தகட்டின் மேலேயே அது கொதித்துப்போனது. இருட்டறையாகப் பயன்பட அவர் ஒரு பிரம்பு வண்டியைச் செய்து வெள்ளைப் பாய்த்துணியால் மூடிக்கொண்டு சென்றார். அந்த வண்டிக்குள் அவருடைய மனைவிமார் இருப்பதாக ஊர்மக்கள் நினைத்துக்கொண்டதை ஃபிரித் பதிவு செய்திருக்கிறார். படம் எடுக்கவந்தவரை ஊர் சுற்றிநின்று வேடிக்கை பார்த்த காலம் அது. பயணி ஊராரைப் பார்த்ததைவிட ஊரார் பயணியைப் பார்த்ததே அதிகம்.

தமிழ்நாட்டுக்குக் கேமரா வந்ததும் இந்தக் காலத்தில்தான். சென்னையில் 1856-இல் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு சென்னை மாகாண அரசு லினியஸ் டிரைப் என்ற படை அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. அதற்கு முன்பே அவர் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்திருந்தார். 1855-இல் பர்மா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடும் போயிருந்தார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிகளில் ரசாயனப் புட்டிகளோடு அவர் பயணம் செய்தார். மதுரையில் புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகைக் கரை எல்லாம் அவர் படங்களில் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக அமைத்தது இன்றைக்கும் வியப்பூட்டும் வேலை.

டிரைப்பின் தமிழகப் படங்களில் ஆட்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழிந்துபோவதற்குள் பழம்பொருள் ஆய்வாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் சிற்பிக்கும் வரலாற்றாளருக்கும் உரியவற்றைப் பதிவுசெய்துவிட வேண்டும் என்பதே அவர் வகுத்துக்கொண்ட நோக்கம். நீண்ட நேரம் திறந்திருந்த லென்ஸும் அந்த நோக்கத்துக்கு உதவியது. பூக்காரரும் பக்தரும் சுமையாளும் நிறைந்திருந்த மண்டபங்கள் படத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. 1858-இன் மதுரையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு பதிவு இல்லை. ஆனால் அந்த மதுரையில் வாழ்ந்தவர்களின் முகத்தை அது காட்டவில்லை. இந்த இழப்பு பெரிது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்தப் பணியை அரசுக்குக் கட்டுபடியாகாத ஆடம்பரமாகக் கருதி நிறுத்திவிட்டார்.

வடக்கே அதே வேலையைத் தனியார் முயற்சியாகச் செய்தவர் சாமுவேல் பார்ன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வங்கி எழுத்தராக இருந்து 1863-இல் இந்தியாவுக்கு வந்தவர். இமயமலைக்கு மூன்று பெரும் பயணங்கள் போனார். முதல் பயணத்திலேயே ஏறத்தாழ 30 சுமையாட்கள் அவருடைய கண்ணாடித் தகடுகளையும் கூடாரத்தையும் சுமந்தார்கள். 1866-இல் மணிரங் கணவாயில் சுமார் 18,600 அடி உயரத்தில் அவர் எடுத்த படங்கள் நெடுங்காலம் உயரச் சாதனையாக நின்றன. பயணக் கட்டுரைகளை லண்டன் இதழ் ஒன்றில் அவர் தொடராக எழுதினார். சுமையாட்கள் பாதி வழியில் ஓடிப்போனது, கிராமங்களில் ஒளிந்துகொண்டவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்துச் சுமக்கவைத்தது எல்லாவற்றையும் அதில் கூச்சமின்றிச் சொல்கிறார். இந்தியர்களைக் காட்சிக்கு நடுவே நிறுத்தினால் இயல்பாக நிற்காமல் கைகளை விறைத்து, முகவாயைத் தூக்கி நிற்கிறார்கள் என்பது அவருடைய குறை. அடிக்கு அஞ்சிச் சுமை தூக்கியவர்கள் கேமராவின் முன் தளர்வாக நிற்க வேண்டுமென்று எதிர்பார்த்த அந்தப் பார்வையே அக்காலத்துப் பல படங்களை விளக்கப் போதுமானது. பனிமலைகளின் அழகுக்காகப் போற்றப்படும் பார்னின் படங்களை யார் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்.

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கில ஆட்சிக்கு இந்திய மக்களை வகைபிரித்து அறிந்துகொள்ளும் தேவை வந்தது. அதிகாரிகளும் பயணிகளும் எடுத்த படங்களைத் திரட்டி, 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருள் தரும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பாசிரியர்கள். படத்தில் இருப்பவர் தனியாளாக அல்ல, சாதிக்கோ குலத்துக்கோ ஒரு மாதிரியாகவே இதில் வருகிறார். இந்தக் குலம் விசுவாசமானது, அந்தக் குலம் நம்பத்தகாதது என்ற தீர்ப்புகள் படத்தை ஒட்டியே அச்சாயின. 1869-இல் லண்டன் சென்றிருந்த சையது அகமது கான் இந்தியா அலுவலகத்தில் இந்த நூலைப் பார்த்தார். தம் நாட்டு மக்கள் விலங்குகளுக்கு நிகராகக் காட்டப்பட்டிருப்பதைக் கண்டு மனம் நொந்து கடிதம் எழுதினார். இந்திய நிர்வாகப் பணிக்குத் தேர்வாகும் இளைஞர்கள் இந்த நூலைப் படித்துவிட்டுத்தான் கப்பலேறுகிறார்கள் என்பது அவரை மேலும் வருத்தியது. படமெடுக்கப்பட்ட தரப்பிலிருந்து ஒருவர் பேசியதற்கு அந்தக் காலத்தில் கிடைக்கும் அரிய சான்று அந்தக் கடிதம்.

இதே ஆண்டுகளில் வேறு விதமாகவும் பயணம் செய்தவர் ஜான் தாம்சன். எடின்பரோவில் 1837-இல் பிறந்த இவர் 1862-இல் சிங்கப்பூருக்கு வந்தார். சயாம், கம்போடியா, வியட்நாம் என்று சுற்றி 1866-இல் அங்கோர் வாட்டைப் படமெடுத்தார். 1868 முதல் 1872 வரை சீனாவின் கடற்கரை நகரங்களிலும் யாங்சி ஆற்றின் மேல்பகுதியிலும் பயணம் செய்தார். 200 படங்களோடு சீனாவையும் அதன் மக்களையும் பற்றிய அவருடைய நான்கு தொகுதிகள் 1873-74-இல் வந்தன. அமைச்சர் முதல் தெருவோர நாவிதர் வரை அதில் இடம்பெற்றார்கள். படகுக்காரர், பிச்சைக்காரர், கடைக்காரர் ஆகியோரின் கூலியும் குடும்பமும் பேச்சும் படத்துக்குப் பக்கத்தில் எழுதப்பட்டன.

தாம்சனை எல்லோரும் வரவேற்கவில்லை. கேமரா மலையையும் பாறையையும் ஊடுருவிப் பார்க்கும், படமெடுக்கப்பட்டவரின் உயிர்ச்சத்தை உறிஞ்சிவிடும், அவர் சீக்கிரமே இறந்துவிடுவார் என்றெல்லாம் ஊர்களில் அச்சம் நிலவியதை அவரே முன்னுரையில் விவரிக்கிறார். தென்சீனத்தின் சாவ்சோ நகரத்து ஆற்றுப்பாலத்தைக் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக விடியற்காலையிலேயே படமெடுக்கப் போனார். சந்தைக்கு வந்தவர்கள் சூழ்ந்துகொண்டு கல்லும் மண்ணும் வீச, முக்காலியின் கூர்முனைக் கால்களை முன்னால் நீட்டியபடி படகில் ஏறித் தப்பினார். பாலத்தின் படம் மட்டும் நன்றாக வந்தது. மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அபினிப் போர்களில் வெள்ளையரின் கருவிகள் என்ன செய்தன என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. மூன்று காலில் நிற்கும் பித்தளைக் குழாயைப் பார்த்து அவர்கள் ஐயப்பட்டதில் வியப்பில்லை.

லண்டன் திரும்பியபின் தாம்சன் அந்த நகரத்துத் தெருவோர மனிதர்களையும் அதே கவனத்தோடு படமெடுத்தார். இதழாளர் அடால்ஃப் ஸ்மித்துடன் சேர்ந்து 1877-78-இல் வெளியிட்ட லண்டன் தெரு வாழ்க்கை பற்றிய தொகுப்பு, ஆவணப் படக்கலையின் முன்னோடி நூல்களில் ஒன்று. அதில் ஒரு படம். கல் படிக்கட்டில் சுவரோடு சாய்ந்து முக்காடிட்ட ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். தோளில் ஒரு கைக்குழந்தை தலைசாய்த்திருக்கிறது. பக்கத்தில் ஒரு தேநீர்ப் பாத்திரமும் கோப்பையும். படத்தை மட்டும் பார்ப்பவர் அவரைக் குழந்தையின் பாட்டி என்றே நினைப்பார். ஸ்மித் அவரிடம் பேசி எழுதிய குறிப்பு உண்மையைச் சொல்கிறது. குழந்தையின் தாய் ஒரு காப்பிக் கடையில் வேலைசெய்கிறார். அவர் திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு இந்த மூதாட்டிக்குக் கிடைக்கும் கூலி கொஞ்சம் தேநீரும் ரொட்டியும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் படம் இரக்கத்தைத் தூண்டுவதோடு நின்றிருக்கும். ஒரு வாழ்க்கை எப்படி ஓடியது என்பதை அதுதான் சொல்கிறது. எதிர்ப்பட்டவரிடம் உட்கார்ந்து பேசியதால் கிடைத்த அறிவு அது. தாம்சன் பின்னாளில் அரச புவியியல் கழகத்தில் நிலம் தேடிப் பயணம் போகிறவர்களுக்குப் புகைப்படம் கற்பித்தார்.

இலங்கையில் கேமரா வேறொரு கையில் இருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற உருவப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல், அறுபதாவது வயதில், காப்பித் தோட்டங்கள் வைத்திருந்த கணவரோடு அங்கே குடியேறினார். களுத்துறையில் கிராமத்தவரையும் தோட்டத்து வேலையாட்களையும் படமெடுத்தார். அவற்றில் 30-க்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தின் வைட் தீவில் அவர் எடுத்த டென்னிசனும் டார்வினும் பெயரோடு நிற்கிறார்கள். களுத்துறைப் படங்களில் இருப்போர் 'குடியானவர்கள்', 'பெண்' என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். அங்கே விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு தொழிலாளியின் முதுகின் அமைப்பு கேமரனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். முகங்களுக்காகவே பேர்போன கலைஞர் அவர். அந்த மனிதரின் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை.

1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலர்தகடு கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும் இருட்டறைக் கூடாரம் தேவையற்றுப்போனது. ஒரு நொடியின் சிறு பகுதியே போதும் என்றானது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா 25 டாலருக்கு வந்தது. அதில் 100 படங்களுக்கான சுருள் முன்பே இருக்கும். படங்கள் முடிந்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால் அச்சிட்டுப் புதுச் சுருளோடு திருப்பித் தருவார்கள். 1900-இல் பிரௌனி ஒரு டாலருக்கு விற்றது. இதற்கிடையில் கோட்டுப் பொத்தானுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் கேமராக்களும் சந்தைக்கு வந்தன. இந்தக் கட்டத்தில்தான் முன்பின் தெரியாதவரின் சம்மதம் என்ற கேள்வி சட்டத்துக்கு வந்தது. அதுவரை அசையாமல் நின்றதே சம்மதத்தின் அடையாளமாக இருந்தது. இப்போது நடந்துபோகிறவரை அவர் அறியாமலே எடுத்துவிட முடிந்தது. 1890-இல் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் தனியுரிமை குறித்து எழுதிய கட்டுரை, நொடியில் எடுக்கும் புகைப்படங்களையும் அவற்றை அச்சிடும் பத்திரிகைகளையும் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. இன்றைய தனியுரிமைச் சட்டங்கள் பலவற்றின் வேர் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

பயணிகள் தாமே எடுக்காத படங்களை அஞ்சலட்டைகள் தந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், முதல் உலகப்போர் வரை, படம் அச்சிட்ட அட்டைகள் கோடிக்கணக்கில் உலகைச் சுற்றின. சென்னையில் வீலே அண்ட் கிளைன், கொழும்பில் பிளாட்டே, ஸ்கீன் போன்ற ஸ்டூடியோக்கள் துறைமுகத்தில் கப்பல் மாறும் பயணிகளுக்காக அட்டைகள் வெளியிட்டன. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி, பாம்பாட்டி என்று அவற்றில் தலைப்புகள் இருக்கும். கூடையை நெற்றியிலிருந்து தொங்கவிட்டு நிற்கும் பெண்ணின் படம் தேயிலை விளம்பரத்துக்குப் போனது. அந்தப் பெண்ணின் பெயரோ லயமோ ஊரோ அட்டையில் இல்லை. மலையக மக்களின் ஆரம்ப கால முகங்களைத் தேடுகிறவர்களுக்கு இன்று இந்த அட்டைகளே பெரும் சான்றாக இருப்பதும், யார் யாருடைய பாட்டி என்று அவற்றைக்கொண்டு சொல்ல முடியாமலிருப்பதும் வேதனையான நிலை.

வண்ணப் படங்கள் வந்தபோது மெதுவான காலம் சற்றுத் திரும்பி வந்தது. லூமியர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் வழியாக நிறம் பதிந்தது. ஆனால் ஒளி பிடிக்க நொடிகள் தேவைப்பட்டன. பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பேர் கான் 1909 முதல் 1931 வரை புகைப்படக்காரர்களை ஏறத்தாழ 50 நாடுகளுக்குத் தம் செலவில் அனுப்பி, சுமார் 72,000 ஆட்டோகுரோம் தகடுகளைச் சேர்த்தார். மாறிக்கொண்டிருக்கும் உலகத்தின் பழக்கவழக்கங்களை மறைவதற்குள் பதிந்துவைக்க வேண்டும், நாடுகள் ஒன்றையொன்று அறிந்தால் போர் குறையும் என்பது அவர் நம்பிக்கை. ஸ்தெஃபான் பாசே 1913-14 குளிர்காலத்தில் இந்தியாவிலும் படமெடுத்தார். நொடிகள் நீண்டதால் இந்தப் படங்களில் மக்கள் நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். எடுப்பவரும் நிற்பவரும் பேசி முடிவுசெய்த படங்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. 1929 பொருளாதாரச் சரிவில் கான் சொத்தை இழந்தார், திட்டமும் நின்றது. தகடுகள் பாரிசை அடுத்த புலோன் பியான்கூரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1925-இல் லைகா வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தக் கேமரா பயணியைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கரையவைத்தது. ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1930-களின் தொடக்கத்தில் அதைக் கையிலெடுத்து, பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பாக்கி, யார் கண்ணிலும் படாமல் வேலைசெய்தார். ஆளை நிறுத்திவைக்காமல், வெளிச்சமும் அசைவும் கூடிவரும் கணத்துக்குக் காத்திருப்பது அவர் வழி. தம்மை யாரும் படமெடுப்பதை மட்டும் அவர் விரும்பியதில்லை, ஏனென்றால் தெருவில் அடையாளம் தெரிந்துவிட்டால் வேலை நடக்காது. இந்தியாவில் அவர் காந்தியடிகளைக் கொலைக்குச் சற்று முன்பு சந்தித்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களிலும் உடனிருந்தார். அதே ஆண்டு மதுரையில் எலும்பும் தோலுமான குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணை எடுத்தார். ரமணரின் பெயரை உலகம் அறியும். மதுரைப் பெண்ணின் படத்துக்கு ஊரும் ஆண்டும் மட்டுமே தலைப்பு.

சாலையில் எதிர்ப்பட்ட ஒருவரின் படம் எவ்வளவு தூரம் போகும், அவருக்கு என்ன திரும்ப வரும் என்பதை 1936 மார்ச் மாதத்து நிகழ்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்க அரசுத் துறைக்காகப் புலம்பெயர்ந்த பண்ணைக் கூலிகளைப் படமெடுத்துவந்த டாரத்தி லாங் வேலை முடிந்து மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவின் நிபோமோ அருகே பட்டாணி பறிப்போர் முகாம் என்ற பலகையைத் தாண்டி ஏறத்தாழ 20 மைல் போனபின், மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். கிழிந்த கூடாரத்தின் கீழ் குழந்தைகளோடு 32 வயதுப் பெண் ஒருவர் அமர்ந்திருந்தார். லாங் பத்து நிமிடம் அங்கே இருந்து சில படங்கள் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே எழுதினார். படம் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடத்துக்குப் போய்விட்டிருந்தது. கார் டயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லாங் குறித்துவைத்ததைக் குடும்பத்தார் பின்னர் மறுத்தார்கள். அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்ற செய்தி 1978-இல் அவரே முன்வந்து பேசியபின்தான் வெளியே வந்தது. படத்தால் தமக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். 1983-இல் நோய்வாய்ப்பட்டபோது அவருக்காகப் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். படத்தால் நெஞ்சுருகிய பலர் பணம் அனுப்பினார்கள். அதே ஆண்டு அவர் இறந்தார்.

படத்தின் பிரதியை எதிர்ப்பட்டவருக்குத் தருவது நெடுங்காலம் வெறும் வாக்குறுதியாகவே இருந்தது. முகவரி இல்லை, தபால் போகாது, பயணி மறந்துவிடுவார். 1948-இல் விற்பனைக்கு வந்த போலராய்டு கேமரா ஒரு நிமிடத்தில் படத்தைக் கையில் தந்தது. பல பயணிகள் தங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று எடுத்தார்கள். 1990-களில் டிஜிட்டல் கேமராவின் பின்புறத் திரை வந்தபின், எடுத்த படத்தை அங்கேயே காட்டவும், பிடிக்காவிட்டால் அழிக்கச் சொல்லவும் முடிந்தது. புகைப்பட வரலாற்றில் எதிரில் நிற்பவருக்கு உண்மையாகவே உரிமை கொடுத்த மாற்றங்கள் என்றால் இந்த இரண்டையும் முதலில் சொல்ல வேண்டும். இதழ்களும் தங்கள் பழைய வழக்கத்தைத் திரும்பிப் பார்த்தன. நேஷனல் ஜியாகரஃபிக் 2018 ஏப்ரல் இதழில், தன் பழைய பக்கங்களை ஒரு வரலாற்றாசிரியரிடம் கொடுத்து ஆராய்ந்து, தன் படங்களும் எழுத்தும் பல பத்தாண்டுகள் இனப் பாகுபாட்டோடு இருந்ததை ஒப்புக்கொண்டது.

அந்த இதழின் அட்டைகளிலேயே மிகப் புகழ்பெற்றது 1985 ஜூன் மாதத்து அட்டை. ஸ்டீவ் மெக்கரி 1984-இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரத்தில் நடந்த பள்ளி வகுப்பில், பச்சைக் கண்களோடு இருந்த ஆப்கன் சிறுமியை எடுத்தார். அவர் பயன்படுத்தியது ஸ்லைடு பிலிம் என்பதால் படத்தை அங்கே யாரும் பார்க்க முடியவில்லை. பெயரும் குறிக்கப்படவில்லை. 2002-இல் மெக்கரி குழுவோடு திரும்பிப்போய்த் தேடினார். கருவிழி ஒப்பீட்டின் மூலம் அவர் சர்பத் குலா என்பது உறுதியானது. தம் படத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அதுவரை யாரும் தம்மைப் படமெடுத்ததில்லை என்றும், வந்தவர் முன்பின் தெரியாத ஆண் என்பதால் அன்று கோபம் வந்தது என்றும் அவர் சொன்னார். 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதாகி ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். தாலிபான்கள் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின், 2021 நவம்பரில் இத்தாலி அரசு அவரை ரோமுக்கு அழைத்து அடைக்கலம் தந்தது.